தொட்டிச் செடிகளுக்குக் கரியமில வாயு: சிக்கனமான சில வழிகள்

தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒரு சோதனை செய்திருக்கிறோம். முகவை நீரில் ஹைட்ரில்லாக் கொடியை இட்டு, அதன்மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பின் மீது நீர் நிறைந்த சோதனைக் குழாயைத் தலைகீழாகப் பொருத்தி வெயிலில் வைக்கிறோம். சிறிது நேரத்தில் குமிழிகள் ஏறுகின்றன. குழாயில் சேர்ந்த வாயுவில் தணல் குச்சியைக் காட்டினால் அது சுடர் விட்டு எரிகிறது. பிராணவாயு என்று எழுதி மதிப்பெண் வாங்கி விடுகிறோம். ஆனால் அச்செய்முறையில் பலர் கவனியாமல் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு. முகவை நீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் சேர்க்க வேண்டும் என்பதே அது. அந்தச் சிட்டிகை எதற்காக என்ற கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

இன்று பல வீடுகளிலும் பள்ளிகளிலும் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்களுடன் உயிருள்ள செடிகளையும் வளர்க்க விரும்புகிறார்கள். சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்திற்குப் பெயர் பெற்ற இடம். அங்கும் மற்ற ஊர்க் கடைகளிலும் பச்சையும் சிவப்புமாகச் செடிகளைப் பார்த்தால் வாங்காமல் வர மனம் வராது. வாங்கி வந்து நட்டால், ஒரு மாதத்திற்குள் சிலவற்றின் இலைகள் கரைந்து விடுகின்றன; எஞ்சியவற்றைப் பாசி மூடுகிறது. கடைக்காரரிடம் கேட்டால், "கேஸ் கொடுக்கணும்மா" என்கிறார். சிலிண்டர், ரெகுலேட்டர் என்று அவர் சொல்லும் விலையைக் கேட்டதும் பேசாமல் திரும்பி விடுகிறோம். செலவு ஒரு புறமிருக்க, இதில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. செடிக்கு நாம் ஊட்டும் இந்த வாயு, மீன்கள் மூச்சு விடும் அதே நீரில்தான் கரைகிறது. அளவு மீறினால் செடி செழிக்குமுன் மீன் மாண்டு போகும்.

முதலில் நீரின் வறுமையைப் பார்ப்போம். காற்றில் இன்று பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 420 பங்கு கரியமில வாயு உள்ளது. அந்தக் காற்றோடு சமநிலையில் நிற்கும் நீரில், நம் ஊர் வெப்பத்தில், 1 லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் இவ்வாயு கரைந்திருக்கும். அதுவும் இலையை எளிதில் வந்தடைவதில்லை. காற்றில் வாயு பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவும் வேகம் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே, இலையை ஒட்டிய நீரில் உள்ளதைச் செடி உறிஞ்சி விட்டால், அடுத்த கவளம் வரும் வரை அது காத்திருக்க வேண்டும். செடிகளையே முதன்மையாக வளர்ப்போர் 1 லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை இருக்கும்படி வாயுவைக் கொடுக்கிறார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் நீர் பிடிக்கும். அப்படியானால் எந்த நேரத்திலும் அதில் கரைந்திருக்க வேண்டிய வாயுவின் எடை 1 முதல் 1½ கிராம்தான்!

இதைக் கேட்டதும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள், "அப்படியானால் நாமே குழாய் வைத்து ஊதி விடலாமே, அக்கா?" என்றார்கள். கணக்குப் பார்த்தோம். நாம் வெளிவிடும் மூச்சில் நூற்றுக்கு 4 பங்கு போலக் கரியமில வாயு உண்டு. ஒரு மூச்சில் கிடைப்பது சுமார் 36 மில்லிகிராம். அத்தனையும் நீரில் கரைந்தாலும் 35 முறை ஊத வேண்டும். கரைந்ததும் சில மணி நேரத்தில் மேற்பரப்பு வழியாகப் பறந்து விடும். கணிதப் பாடவேளையில் ஒருவரை ஊதுவதற்கென்று அனுப்பச் சிஸ்டர் சம்மதிக்கமாட்டார்கள்!

எந்த வழியில் வாயு கொடுப்பது என்று தேடுமுன், கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக் கொள்வது நல்லது. செடியின் வளர்ச்சியை நிர்ணயிப்பது ஏராளமாக உள்ள பொருளன்று, எது மிகக் குறைவோ அதுவே என்ற கருத்தை ஜெர்மன் வேதியியல் அறிஞர் லீபிக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பினார். அரிசி மூட்டை மூட்டையாக இருந்தும் உளுந்து ஒரு படிதான் இருக்கிறதென்றால், அந்த உளுந்தின் அளவிற்குத்தானே இட்லி? தொட்டியின் மேல் வலுவான விளக்கைப் போட்டு விட்டு வாயுவைக் கொடுக்காமல் இருந்தால், அந்த வெளிச்சத்தைச் செடியால் பயன்படுத்த முடியாது. பாசிதான் அதைப் பயன்படுத்திக் கொள்ளும். ஆகவே கையில் காசில்லாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது, விளக்கைக் குறைப்பது. மிதமான எல்.இ.டி. விளக்கு, நாளுக்கு 6 அல்லது 7 மணி நேரம், சன்னல் வெயில் நேராகப் படாத இடம். இவ்வளவு இருந்தால் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஜாவா பாசி, அனூபியாஸ், இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகொரைன் வகைகள் ஆகியவை எந்தப் புட்டியும் இல்லாமலே வளரும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1850-ல் லண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், ஒரு தொட்டியில் தங்க மீன்களையும் வாலிஸ்னேரியாவையும் நத்தைகளையும் சேர்த்து வளர்த்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாவதை விளக்கினார். மீன் விடும் மூச்சே செடிக்கு வாயு. அத்துடன் தொட்டியின் அடியில் வளமான மண் இருந்தால், அதிலுள்ள இலைமக்குகளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போதும் கரியமில வாயு வெளிப்படுகிறது. அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999-ல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரிவாக எழுதியிருக்கிறார். இரசாயன உரம் சேராத தோட்டத்து மண்ணை ஓரங்குலம் பரப்பி, அதன்மேல் ஓரங்குலம் பொடிக் கூழாங்கல்லைப் பரப்பினால் போதும். மண்ணைக் கனமாகப் போட்டால் அடியில் காற்றின்றி அழுகி முட்டை நாற்றம் எடுக்கும். அந்த ஆசை வேண்டாம். எங்கள் கருத்தில், பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு இந்த மண்ணும் மிதமான விளக்குமே போதுமானவை. செலவும் அநேகமாக இல்லை.

ஆனால் சிவந்த இலைகளை உடைய ரோட்டாலா மக்ராண்ட்ரா போன்றவற்றை வளர்க்க ஆசைப்பட்டால் கதை வேறு. அது தென்மேற்கு இந்தியாவின் செடியே என்றாலும், வெளிச்சமும் வாயுவும் தாராளமாகக் கேட்கும். அத்தகைய செடிகளுக்கு ஏழைகளின் முதல் துணை ஈஸ்ட்.

ஆப்ப மாவு பொங்குவதும் ரொட்டி உப்புவதும் கரியமில வாயுவினாலேயே. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் மதுவடிசாலை ஒன்றின் பக்கத்தில் குடியிருந்த போதகர் ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற வாயுவை நீரில் கரைத்துப் பார்த்துத்தான் சோடா நீருக்கு வழி கண்டார். 1772-ல் அவர் வெளியிட்ட செய்முறையில் வாயுவுக்காகச் சுண்ணக்கட்டியின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றச் சொல்லியிருக்கிறார். இன்று தொட்டி வளர்ப்போர் கையாளும் நொதி வழி, அமில வழி ஆகிய இரண்டுமே அவர் அறிந்தவைதாம்.

நொதி வழிக்குத் தேவையானவை அதிகமில்லை. 2 லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் புட்டி ஒன்று, அரை லிட்டர் புட்டி ஒன்று, மீன் கடையில் கிடைக்கும் மெல்லிய காற்றுக் குழாய், ஒருவழி வால்வு, 200 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட், ஒரு சிட்டிகை சமையல் சோடா. மருந்துக் கடையில் விற்கும் புதிய குளுக்கோஸ் டியூபும் காற்றுக் குழாய்க்குப் பதிலாகும். அதிலுள்ள சொட்டு அறையில் சிறிது நீர் விட்டால் குமிழிகளை எண்ணிப் பார்க்கவும் உதவும்.

பெரிய புட்டியின் மூடியில் குழாயைவிடச் சற்றுச் சிறிய துளையிட்டு, குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, துளை வழியே இழுத்து இறுக்க வேண்டும். இங்கே கசிந்தால் வாயு தொட்டிக்குப் போகவே போகாது. சர்க்கரையை 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றி, ஈஸ்டையும் சோடாவையும் சேர்க்க வேண்டும். புட்டியில் பாதியளவு காலியாக இருக்கட்டும், நுரை பொங்கும். அங்கிருந்து வரும் குழாயைப் பாதி நீர் நிறைந்த சிறிய புட்டியின் அடி வரை செலுத்தி, அதன் மேற்பகுதியிலிருந்து மற்றொரு குழாயைத் தொட்டிக்குக் கொண்டு செல்ல வேண்டும். சிறிய புட்டி நுரையைத் தடுத்து நிறுத்தும். ஈஸ்ட் கரைசல் தொட்டியில் கலந்தால் நீர் பால் போலக் கலங்கி, மீனுக்கு வேண்டிய பிராணவாயு குறைந்து போகும். ஒருவழி வால்வு, தொட்டி நீர் புட்டிக்குத் திரும்பி வழியாமல் காக்கும். ஒரு நாளில் குமிழிகள் வரத் தொடங்கும்.

வேதியியல் கணக்குப்படி 342 கிராம் சர்க்கரையிலிருந்து அதிகமாகப் போனால் 176 கிராம் வாயு வரும். அதாவது எடையில் பாதி. 200 கிராம் சர்க்கரைக்குச் சுமார் 100 கிராம். நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவே, ஏனெனில் தான் உண்டாக்கிய சாராயச் சத்திலேயே ஈஸ்ட் மயங்கி அடங்கி விடுகிறது. இரண்டு வாரம் ஓடும் என்று வைத்துக் கொள்வோம். சர்க்கரை கிலோ 50 ரூபாய் என்று கொண்டால் ஒரு முறைக்கு 10 ரூபாய், மாதத்திற்கு 20 ரூபாய். ஈஸ்டுக்குச் சில்லறை. 50, 60 லிட்டர்த் தொட்டிக்கு இதைவிடச் சிக்கனமான வாயு இல்லை.

குறையும் உண்டு. வெயில் காலத்தில் ஈஸ்ட் துள்ளிக் குதித்து, பத்து நாளைக்குள் எல்லாவற்றையும் தீர்த்து விடும். முதல் நாள்களில் வெள்ளம், பிறகு வறட்சி. இந்த ஏற்றத்தாழ்வு பாசிக்குக் கொண்டாட்டம். இதைச் சமன் செய்ய இரண்டு புட்டிகளை வைத்துக் கொண்டு, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிக் கரைசலைப் புதுப்பிக்கலாம். அல்லது சர்க்கரைக் கரைசலைச் சைனா கிராஸ் போட்டுக் காய்ச்சிக் கட்டியாக்கி, அதன்மேல் ஈஸ்ட் நீரை ஊற்றலாம். கட்டியிலிருந்து சர்க்கரை மெல்ல மெல்லக் கசிவதால் நொதித்தலும் நிதானமாக நடக்கும். கடற்பாசி இனிப்புச் செய்யத் தெரிந்த எந்த அம்மாவுக்கும் இது எளிது.

ஒன்றைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். ஈஸ்ட் புட்டியின் குழாயை எந்நேரமும் அடைக்கக் கூடாது. குளுக்கோஸ் டியூபில் உள்ள உருளைத் திருகைத் திருகி மூடி விட்டால் வாயு போக வழியின்றிப் புட்டி வெடிக்கும். கண்ணாடிப் புட்டியை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. சோடாவின் அழுத்தத்தைத் தாங்கவே செய்யப்பட்ட குளிர்பானப் புட்டிதான் இதற்கு ஏற்றது. தண்ணீர்ப் புட்டி அன்று.

வாயு வந்து விட்டால் மட்டும் போதாது, கரையவும் வேண்டும். குழாயை அப்படியே நீரில் விட்டால் குமிழிகள் மேலேறிக் காற்றில் கலந்து, சர்க்கரைக் காசு வீணாகும். ஒரு சிறிய பிளாஸ்டிக் தம்ளரை நீருக்குள் கவிழ்த்துப் பொருத்தி அதனுள் குழாயை விட்டால், வாயு அங்கே தேங்கி நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாய் செடியிடமிருந்து பிராணவாயுவை வாங்கியது. இந்தத் தம்ளர் செடிக்கு அதன் உணவைக் கொடுக்கிறது. நீரிலிருந்து வேறு வாயுக்களும் தம்ளருக்குள் சேரும் என்பதால் அவ்வப்போது சாய்த்து வெளியேற்ற வேண்டும். நீர் வடிகட்டும் மோட்டார் இருந்தால் அது நீரை இழுக்கும் வாயருகே குழாயை வைப்பது இன்னும் மேல். மோட்டாரின் சுழலியே குமிழிகளைப் பொடிப் பொடியாக்கி விடும்.

அமில வழிக்கு வருவோம். ஒரு புட்டியில் 200 கிராம் சிட்ரிக் அமிலம் 600 மில்லி நீரில். மற்றொன்றில் 200 கிராம் சமையல் சோடா 200 மில்லி நீரில். இரண்டையும் இணைக்கும் மூடிகளும் நுண் திருகும் அழுத்தமானியும் அடங்கிய தொகுப்பு மீன் கடைகளில் கிடைக்கிறது. அமிலப் புட்டியை ஒரு முறை அமுக்கினால் சிறிது அமிலம் சோடாவின்மேல் விழுந்து வாயு எழும். அழுத்தம் குறையும்போது அமிலம் தானாக மேலும் வந்து விழும். 200 கிராம் சோடாவிலிருந்து கணக்குப்படி சுமார் 105 கிராம் வாயு கிடைக்கும், ஈஸ்டுக்குச் சமம். பொருள்களின் விலை சர்க்கரையைவிட அதிகம். ஆனால் இரவில் திருகை மூடி வைக்கலாம், குமிழியின் வேகத்தை மாற்றலாம், சிறிது நேரத்திலேயே வேலை தொடங்கும். மூடியதும் புட்டிக்குள் அழுத்தம் நிற்கிறது என்பதால், இதைச் சிறுவர்களிடம் தனியே விடக் கூடாது. அழுத்தம் கூடினால் தானே திறக்கும் காப்பு வால்வு உள்ள தொகுப்பையே வாங்க வேண்டும்.

சிலிண்டர் முதலில் கையைக் கடிக்கும், பிறகு கடிக்காது. விநாடிக்கு ஒரு குமிழி, நாளுக்கு 8 மணி நேரம் என்றால் குமிழியின் பருமனைப் பொறுத்து 2 முதல் 4 கிராம் செலவாகும். 1 கிலோ வாயு எட்டு மாதத்திற்குக் குறையாமல் வரும். நூறு லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்குச் சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் இதுவே மலிவு, சீரும்கூட. ஆனால் அதனுள் அழுத்தம் காற்று மண்டலத்தைப் போல் 60 மடங்குக்கு மேல். 31 பாகை வெப்பத்தைத் தாண்டினால் கரியமில வாயு திரவமாக நிற்காது. நம் கோடையில் உள்ளழுத்தம் இன்னும் ஏறும். வெயில் படாத இடத்தில், சாயாமல் கட்டி வைத்து, சோதனை முத்திரை உள்ள சிலிண்டரை உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே நிரப்ப வேண்டும். பழைய தீயணைப்புச் சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறதென்று யாரேனும் சொன்னால், முத்திரைத் தேதியைப் பார்க்காமல் வீட்டிற்குள் விடாதீர்கள்.

'திரவக் கார்பன்' என்று சீசாவில் விற்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அவற்றில் பல, மருத்துவமனைகளில் கருவிகளைத் தூய்மைப்படுத்தப் பயன்படும் குளுட்டரால்டிஹைடின் கரைசலே. அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். வாலிஸ்னேரியா அதில் கரைந்தே போகும். சோதனையில் போட்ட அந்தச் சிட்டிகைச் சோடாவைத் தொட்டியிலும் போடலாமே என்றால், அதுவும் கூடாது. பைகார்பனேட்டிலிருந்து கரியைப் பிரித்தெடுக்கும் திறமை ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற சிலவற்றிற்கே உண்டு, நீர்ப்பாசங்களுக்கு இல்லை. தினமும் சோடா போட்டால் நீரின் காரத்தன்மை ஏறி மீனுக்குக் கேடு விளையும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாயுள்ள ஊர்களில் பைகார்பனேட் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

அளவை எப்படி அறிவது? இதற்கும் நம் ஆய்வுக்கூடமே போதும். 1.2 கிராம் சமையல் சோடாவை 1 லிட்டர் வாலைவடி நீரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து, மீண்டும் வாலைவடி நீர் சேர்த்து 1 லிட்டராக்க வேண்டும். அதில் சிறிதளவுடன் சில துளி புரோமோதைமால் நீலத்தைச் சேர்த்து, கடையில் கிடைக்கும் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் தொட்டிக்குள் ஒட்டி வைக்கலாம். கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கி இருக்கும். இடையில் காற்று நிற்பதால் தொட்டி நீர் கரைசலைத் தொடாது. கரைசல் நீலமாயிருந்தால் வாயு குறைவு, பச்சையானால் 30 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது, மஞ்சளானால் ஆபத்து. நிறம் மாற இரண்டு மணி நேரம் போலப் பிடிக்கும் என்பதால் அதை மட்டுமே நம்பாமல் மீன்களையும் பார்க்க வேண்டும். நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அவை தவிக்கின்றன என்று பொருள். நீரில் பிராணவாயு இருந்தாலும், கரியமில வாயு மிகுந்தால் மீனின் இரத்தம் அதை ஏந்திச் செல்ல இயலாமற் போகிறது. உடனே குழாயை வெளியே எடுத்து, காற்று மோட்டாரை ஓட விட்டு, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும்.

இந்த ஆபத்து பெரும்பாலும் விடியற்காலையில் வருகிறது. விளக்கு அணைந்த பின் செடிகள் வாயுவை எடுப்பதில்லை. அவையும் நம்மைப் போல் கரியமில வாயுவையே வெளிவிடுகின்றன. ஈஸ்டுக்கோ இரவு பகல் கிடையாது. ஆகவே ஈஸ்ட் புட்டி வைத்திருப்போர் விளக்கை அணைத்ததும் காற்று மோட்டாரைப் போட்டு, காலையில் விளக்கேற்றும்போது அதை நிறுத்துவது அவசியம். அல்லது இரவில் குழாயின் நுனியைத் தொட்டிக்கு வெளியே தொங்க விடலாம்.

பள்ளித் தொட்டிகளுக்கு விடுமுறை ஒரு சோதனை. கிறிஸ்துமஸ் விடுமுறை போன்ற நாள்களில் பார்த்துக் கொள்ள ஆளில்லாவிட்டால், இரண்டு நாள் முன்பே ஈஸ்ட் புட்டியைக் கழற்றிக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றி விட வேண்டும். விளக்கை 5 மணி நேரமாகக் குறைத்துத் தானியங்கிச் சாவியில் வைத்து, காற்று மோட்டாரை ஓட விட்டால் பத்து நாள் செடியும் மீனும் தாங்கும். காவல்கார அண்ணனிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுத்து விடாமல், ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதிக் கொடுப்பது நல்லது.